பெயிண்ட் கசடுல போனஸைப் போடலாமா?

இந்த வார வீடியோவோட கடைசி ரெண்டு நிமிஷம், கலர் கலரா கோடு போட்ட ஒரு சின்னத் துண்டைக் கையில வெச்சுப் பேசினேன். நேரம் பத்தலை. அதைப் பத்தி முழுசா எழுதுறேன்னு சொல்லியிருந்தேன், அதுதான் இது.

விஷயம் எங்க வீட்டுலயே ஆரம்பிச்சது. என் சித்தப்பா பையன் வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லுல அக்கவுண்ட்ஸ்ல வேலை பார்க்கிறான். கைக்கு வர்ற சம்பளம் 28,000 ரூபாய். தீபாவளி போனஸ் 22,000 வந்துச்சு. அந்த வாரம் திண்டுக்கல் வந்தவன், நாகல்நகர் டீக்கடையில உட்கார்ந்து போனை நீட்டினான். "அண்ணே, இதைப் பாருங்க. கல்லு மாதிரி இருக்குல்ல? இது கல்லு இல்லண்ணே, கார் பெயிண்ட்டு. இனிமே இது உருவாகவே உருவாகாது. ஆர்டியை உடைச்சா 38,000 வரும். போனஸோட சேர்த்து 60,000-க்கு வாங்கிப் போட்டுட்டா அஞ்சு வருஷத்துல எங்கயோ போயிடும்."

அவன்கிட்ட சொன்னதைத்தான் உங்ககிட்டயும் சொல்றேன். முதலீடுன்னு நினைச்சு வாங்காதீங்க. வெட்டிப் பழகணும்னு ஆசை இருந்தா பழகுங்க, ஆனா அதுக்கு 60,000 தேவையே இல்ல. ஏன் அப்படிச் சொல்றேன்னு புரியணும்னா, முதல்ல அது என்னன்னு தெரியணும்.

அதோட பேரு ஃபோர்டைட். டெட்ராய்ட் அகேட்னும் சொல்லுவாங்க. அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல கார் தொழிற்சாலைகள் நிறைஞ்ச ஊரு டெட்ராய்ட். அங்கே ஒரு காலத்துல கார் பாடிக்கு ஆளுங்க கையாலதான் ஸ்ப்ரே அடிச்சாங்க. அடிக்கிற பெயிண்ட் எல்லாம் கார் மேலயே விழாது. ஒரு பங்கு பாடியைத் தாங்குற ஸ்டாண்டு மேலயும், தண்டவாளம் மேலயும் போய் ஒட்டும். அடுத்து பாடி, பெயிண்ட் காயுறதுக்காக அவனுக்குள்ள போகும். ஸ்டாண்டும் கூடவே போகும். திரும்பி வந்தா அடுத்த கார், அடுத்த கலர், மறுபடி அவன். காலையில சிவப்பு, மத்தியானம் நீலம், நடுவுல சாம்பல் கலர் பிரைமர். இப்படி நூறு தடவைக்கு மேல சுட்டு இறுகின பூச்சுகூட உண்டு. கசடு ரொம்பத் தடிச்சுப் போய் வேலைக்கு இடைஞ்சலானா உடைச்சு எடுத்துக் குப்பையில போடுவாங்க. அப்படிப் போட்டதுல சில துண்டுகளைத் தொழிலாளிங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க. அதை யாரோ வெட்டி, தேய்ச்சு, மெருகு ஏத்திப் பார்த்தப்போதான் உள்ளே இருந்த அழகு தெரிஞ்சது.

ஒரு காரோட மொத்த பெயிண்ட் தடிமனே சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். அப்போ விரல் தடிமன் கசடு சேரணும்னா எத்தனை கார் அந்த ஸ்டாண்டுல ஏறி இறங்கியிருக்கணும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. அதனாலதான் சேகரிக்கிறவங்க கலரை வெச்சே காலத்தைப் பேசுவாங்க. மங்கல் கலரா இருந்தா பழசு, பளிச்னு ஆரஞ்சு, பச்சை, ஊதா வந்தா 1960-கள், 70-கள்னு ஒரு கணக்கு. கேட்கவே நல்லாத்தான் இருக்கு.

பிறகு மின்னூட்டம் கொடுத்து ஸ்ப்ரே பண்ற முறை வந்துச்சு. பெயிண்ட் துளிக்கு மின்னூட்டம் ஏத்தி, கார் பாடியை எர்த் பண்ணிட்டா, துளி தானாவே பாடியைத் தேடிப் போய் ஒட்டும். ரோபோக்களும் வந்தாச்சு. வீணாப் போற பெயிண்ட் குறைஞ்சது, பழைய மாதிரி கசடு சேர்றதும் குறைஞ்சது. "இனிமே உருவாகாது"ன்னு தம்பி சொன்னதுல பெரும்பகுதி உண்மைதான். கம்பெனிக்காரன் கணக்குல அது நஷ்டம், அடைச்சுட்டான். சேகரிக்கிறவன் கணக்குல அதே நஷ்டம் பொக்கிஷம்.

ஆனா "அரிது"ங்கிற ஒரு வார்த்தையை நம்பி ஆர்டியை உடைக்கலாமா? இங்கதான் எனக்குச் சண்டை.

நம்ம ஊரையே எடுத்துக்கோங்க. திண்டுக்கல் பூட்டு. மாங்காய் பூட்டுல இருந்து ஆரம்பிச்சு எத்தனை வகை, ஒவ்வொண்ணும் கையால அரத்துல தேய்ச்சுச் செய்யறது. 2019-ல புவிசார் குறியீடும் கிடைச்சது. செய்யத் தெரிஞ்ச கைகள் வருஷா வருஷம் குறையுது. அரிதுன்னா இதைவிட அரிது வேணுமா? ஆனாலும் அலிகார்ல மெஷின்ல செஞ்சு வர்ற பூட்டுதான் கடையில ஓடுது. பட்டறை வெச்சிருக்கிறவர்கிட்டப் போய், "உங்க பூட்டு அரிதாச்சே, விலை ஏறியிருக்கணுமே"ன்னு கேட்டுப் பாருங்க. சிரிப்பார். பொருள் குறைஞ்சா மட்டும் விலை ஏறாது, கேட்டு வர்ற ஆளும் வேணும்.

இப்போ ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டை நினைச்சுப் பாருங்க. தக்காளியும் முருங்கையும் அரிதான பொருளே இல்ல, ஆனா தினமும் அதுக்கு ஒரு ரேட் உண்டு. மூட்டையை இறக்கினா விலை பிடிக்குதோ இல்லையோ, விற்காம வீட்டுக்குத் தூக்கிட்டு வர்றது அபூர்வம். தங்கத்துக்கும் தினசரி ரேட் உண்டு. 2023 ஏப்ரல் 1-ல இருந்து ஹால்மார்க் நகையில ஆறு எழுத்து எண் கொண்ட தனி அடையாளம் இல்லாம கடையில விற்கக் கூடாது. நீங்க யாருன்னு தெரியாத ஊர்லகூட அந்த நகையை விற்கவோ அடகு வைக்கவோ முடியும். ஃபோர்டைட்டுக்கு ரேட்டும் கிடையாது, முத்திரையும் கிடையாது, இன்ன தொழிற்சாலை இன்ன வருஷம்னு சொல்ற காகிதமும் கிடையாது. விக்கிறவர் வாய்ச்சொல்தான். வெளிநாட்டு ஆன்லைன் கடைகள்ல சில பத்து டாலர்ல ஆரம்பிச்சு நூத்துக்கணக்கான டாலர் வரைக்கும் விலை போட்டிருப்பாங்க. அது கேட்கிற விலை. நீங்க திரும்ப விற்கும்போது கிடைக்கிற விலை வேற.

இதை நான் பட்டுத்தான் சொல்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி நானே ஒரு துண்டு வாங்கினேன். பொருளோட விலை 6,000-க்குக் கிட்ட. வந்து சேர்றதுக்குள்ள கார்டுல வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி, கூரியர், சுங்க வரி எல்லாம் சேர்ந்து எட்டாயிரத்தைத் தாண்டிடுச்சு. ஆறு மாசம் கழிச்சு, சும்மா தெரிஞ்சுக்கலாமேன்னு நம்ம ஊர் நகைக்கடை ஒண்ணுல காட்டினேன். லென்ஸை வெச்சுப் பார்த்தார், நகத்தால லேசாச் சுரண்டினார். "இது கல்லு இல்லையேப்பா. பெயிண்ட்டு. அழகாத்தான் இருக்கு. ஆனா நான் எதை வெச்சு விலை போடுறது?" அவர் கேட்டதுல தப்பே இல்ல. எனக்கும் பதில் தெரியல.

தம்பியோட 60,000-க்கும் இதே கணக்குத்தான். பல கார்டுகள்ல வெளிநாட்டுக் கட்டணம் 3.5 சதவீதம் வரை போகும். அதுவே 2,100 ரூபாய், ஜிஎஸ்டி தனி. சுங்க வரியைச் சேர்த்தா, பார்சல் வீட்டு வாசலுக்கு வரும்போதே நீங்க பல ஆயிரம் பின்னாடி நிக்கிறீங்க. விலை ஏறினாத்தான் அசலே வரும். இதுல கார்டு பில்லை முழுசாக் கட்டாம மினிமம் கட்டினீங்கன்னா மாசம் 3 சதவீதத்துக்கு மேல வட்டி. அதுக்கு மேல நான் பேசல.

போலியும் உண்டு. கலர் கலரா நகப்பூச்சையோ அக்ரிலிக்கையோ அடுக்கடுக்கா ஊத்திக் காய வெச்சு, அதே பேர்ல விக்கிறாங்க. "சென்னை ஃபோர்டு பிளான்ட்ல இருந்து எடுத்தது"ன்னு யாராவது சொன்னாலும் கொஞ்சம் நில்லுங்க. மறைமலை நகர் தொழிற்சாலை ஓட ஆரம்பிச்சதே 1990-களோட கடைசியில, 2022-ல உற்பத்தி நின்னுபோச்சு. ஃபோர்டைட்டை உண்டாக்கின கை ஸ்ப்ரே காலம் அதுக்கு முன்னாடியே முடிஞ்சாச்சு. (அப்படியே நம்ம ஊர் கசடுன்னு ஒண்ணு இருந்தாலும், நம்ம ஆளுங்க வாங்குற கார் கலருக்கு அது வெள்ளை, சில்வர், வெள்ளை, சில்வர்னுதான் கோடு போட்டிருக்கும்.)

இவ்வளவு சொன்னதும் தம்பி ஒரு கேள்வி கேட்டான். நல்ல கேள்வி. "அப்ப வெட்டாத துண்டை வாங்கி நானே வெட்டி வித்தா? லாபம் அதுலதானேண்ணே இருக்கு?"

ஆமா, அதுலதான் இருக்கு. ஃபோர்டைட்டுல காசு உண்டாகிற இடம் பொருள் இல்ல, வெட்டுறவர் கண்ணு. சின்ன வெங்காயத்தை நெட்டுக்க வெட்டினா ஒரு மாதிரி, குறுக்க வெட்டினா வளையம் வளையமா ஒரு மாதிரி தெரியுமே, இதுவும் அப்படித்தான். அடுக்குக்குக் குறுக்கே வெட்டினா ரிப்பன் மாதிரி கோடு கோடா வரும். அடுக்கோட போக்குலயே வெட்டி மேல்பக்கத்தைக் குவிச்சுத் தேய்ச்சா, ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு உயரத்துல வெளியே வந்து, வரைபடத்துல மலையைக் காட்டுற மாதிரி வளையங்கள் வரும். எங்க நிறுத்தணும்ங்கிறதுதான் வித்தை. இன்னும் ரெண்டு தேய்ப்பு கூடிட்டா அந்த அருமையான ஆரஞ்சு வளையம் தூளாப் போயிடும், கீழே சாம்பல் பிரைமர் இளிக்கும். திரும்ப ஒட்ட முடியாது. கல்லை விட ரொம்ப மெதுவான பொருள் வேற, சூடானா இளகும், அவசரப்பட்டா அடுக்கு பிரியும். தண்ணி விட்டுக்கிட்டே மெல்லிசான பிளேடால அறுத்து, 600, 1200, 3000-ன்னு படிப்படியா நைஸ் காகிதத்துக்குப் போய், கடைசியில துணிச் சக்கரத்துல மெருகு.

கல்லு வெட்டுறது நம்ம பக்கத்துக்குப் புதுசும் இல்ல. ஈரோடு மாவட்டம் கொடுமணல்ல அகழாய்வு பண்ணினப்போ, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி மணி அறுத்துத் துளை போட்ட பட்டறைகளோட தடயம் கிடைச்சது. காங்கேயம், கரூர் பக்கம் இன்னைக்கும் கல்லு எடுக்கிறாங்க. திருச்சியில செயற்கை வைரம் பட்டை தீட்டுறது ஒரு காலத்துல வீட்டுக்கு வீடு நடந்த தொழில். அந்தத் திருச்சிக் கதையையும் முழுசாத் தெரிஞ்சுக்கோங்க. வெளிநாட்டு மெஷின் கல்லு குறைஞ்ச விலைக்கு வந்ததும், கையில அவ்வளவு வித்தை இருந்தவங்களே வேற வேலை தேடிப் போனாங்க.

சரி, கணக்கு. இது நான் உதாரணத்துக்கு எடுத்த எண்கள், உங்களுக்கு மாறலாம். தம்பியோட சம்பளம் 28,000. மாசம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம், மொத்தம் 208 மணி. ஒரு மணி நேரத்துக்கு சுமார் 135 ரூபாய். இப்போ ஒரு துண்டை வெட்டி மெருகு ஏத்த 3 மணி நேரம்னு வெச்சுக்குவோம். மூலப்பொருள் 400, பிளேடு காகிதத் தேய்மானம் 100, கூரியர் 100. வித்தா 1,200. மிச்சம் 600, மணிக்கு 200 ரூபாய். அட, மில்லு வேலையை விட மேல!

அவன் முகம் மலர்ந்தது. அப்புறம் அடுத்த வரியைப் போட்டேன். பத்து துண்டு வெட்டுற. செலவு 5,000, நேரம் 30 மணி. அதுல நாலுதான் விக்குது. வரவு 4,800, கூரியர் 400 போக 4,400. 30 மணி நேரம் உழைச்சு 600 ரூபாய் கைநஷ்டம். மிச்சம் ஆறு துண்டு அலமாரியில. அந்த ஆறை "ஸ்டாக் இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டா மனசுக்கு இதமா இருக்கும், பேங்க் பேலன்ஸுக்கு ஒண்ணும் ஆகாது. எந்தச் சைடு பிசினஸ் வீடியோ பார்த்தாலும் இந்த ரெண்டாவது வரியைத் தேடுங்க. பெரும்பாலும் இருக்காது. (விக்க ஆரம்பிச்சா அது வியாபார வருமானம், ரிட்டர்ன்ல காட்டணும். இது பலர் மறக்கிற விஷயம்.)

"வெளிநாட்டுல இருந்து ஏன் வாங்கணும், நம்ம பெயிண்டிங் பட்டறையிலயே கசடு இருக்கே"ன்னு அடுத்த வாரம் ஒரு துண்டைக் கொண்டு வந்தான். பைபாஸ் பக்கம் ஒரு டிங்கரிங் பட்டறையில, கதவைத் தொங்கவிட்டுப் பெயிண்ட் அடிக்கிற ஸ்டாண்டுல இருந்து பேர்த்தது. பார்க்க நிஜமாவே அழகு. ஹேக்ஸா பிளேடால அறுத்தோம். வெளியே கெட்டி, உள்ளே பிசினு மாதிரி. பிளேடு பல்லுல எல்லாம் ஒட்டிக்கிச்சு, தின்னர் வாடை. தொழிற்சாலையில ஒவ்வொரு பூச்சும் அவன்ல வெந்தது. பட்டறையில காத்துல காயுது. மேல் பூச்சு காய்ஞ்சு மூடிக்கிட்டா கீழே இருக்கிற தின்னர் வெளியே வர வழியில்ல.

அப்போ நான் கொஞ்சம் கோபமாவே சொன்னேன், உங்களுக்கும் சொல்றேன். இந்தத் தூளைச் சாதாரணமா நினைக்காதீங்க. பழைய பெயிண்ட்ல, முக்கியமா மஞ்சள், ஆரஞ்சுல ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவுல 2017 நவம்பர்ல இருந்து ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல இருக்கக் கூடாதுன்னு விதி வந்ததுகூட வீட்டு, அலங்காரப் பெயிண்ட்டுக்குத்தான். கார் பெயிண்ட்டுக்கு அந்த விதி பொருந்தாது. இப்போ பட்டறையில அடிக்கிற ஹார்டனர் கலந்த பெயிண்ட்ல ஐசோசயனேட் இருக்கு, சரியா காயாததைத் தேய்ச்சா ஆஸ்துமா வரைக்கும் கொண்டு விடும். தண்ணி விட்டுத்தான் தேய்க்கணும், தூள் வடிகட்டுற மாஸ்க் போடணும், சமையலறை சிங்க்ல கழுவக் கூடாது, சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்குள்ள இந்த வேலையே கூடாது. தம்பிக்கு ரெண்டு வயசுல பொண்ணு இருக்கா. அவன் போட்ட பிளான்ல ஒர்க்‌ஷாப் எங்க தெரியுமா? பெட்ரூம் பால்கனி.

நான் எஸ்ஐபி தவிர மத்ததெல்லாம் வேஸ்ட்டுன்னு சொல்ற ஆளு இல்ல. அப்படிப் பேசுற சேனல்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். 27 வயசுல ஒருத்தனுக்குக் கையால ஒண்ணு செய்யணும்னு ஆசை வர்றது நல்ல விஷயம். நாள் முழுக்க எக்ஸெல் பார்க்கிறவனுக்கு அது மருந்து மாதிரி. அந்த ஆசைக்கு "முதலீடு"ன்னு பேரு வைக்கிறதுதான் என் பிரச்சனை. பேரு மாறினதும் 4,000 ரூபாய் செலவு 60,000 ஆயிடுது, பொழுதுபோக்குப் பணத்துல போக வேண்டியது ஆர்டியில கை வைக்குது.

அந்த ஆர்டி எதுக்குப் போட்டான்னு கேட்டேன். நூல் விலை படுத்தா மில்லுல ஷிஃப்ட் குறைப்பாங்க, அப்போ ஓவர்டைம் போயிடும், ரெண்டு மாசம் ஓட்டணுமேன்னுதான் போட்டானாம். அவன் வீட்டுச் செலவு மாசம் 19,000. ரெண்டு மாசத்துக்கு 38,000. சரியா அந்தத் தொகை. ஷிஃப்ட் குறையுற மாசத்துல இந்தக் கலர் துண்டை எடுத்துட்டு எந்த மளிகைக் கடைக்குப் போவான்?

கடைசியா நாங்க பேசி முடிச்சது இதுதான். போனஸ்ல 15,000 அவசரத் தேவைக் கணக்குக்குப் போச்சு. 3,000 வீட்டம்மா கையில. மிச்சம் 4,000 அவனோட ஆசைக்கு. அதுல ஃபோர்டைட் வாங்கல. எங்க தெருவுல பூட்டுப் பட்டறை வெச்சிருந்த ஒரு பெரியவர்கிட்ட சும்மா கிடந்த சின்ன மெருகு மோட்டாரை 2,500-க்கு வாங்கினான். 500 ரூபாய்க்கு நைஸ் காகிதமும் மாஸ்க்கும். காங்கேயத்துல இருந்து விலை இல்லாத சில்லுக் கல்லு ஒரு பை. மோட்டார் இப்போ எங்க வீட்டு மாட்டுக்கொட்டகையில இருக்கு, மாடு வித்து வருஷமாச்சு. ஞாயித்துக்கிழமை காலையில வந்து தேய்க்கிறான். பெரியவரும் சில நாள் வந்து நின்னு, "அழுத்தாதடா, சக்கரம் தானா தின்னும்"னு சொல்லிட்டுப் போறார். இதுவரைக்கும் பதினோரு கல்லைக் கெடுத்திருக்கான், ரெண்டு நல்லா வந்திருக்கு.

பத்து கல்லு ஒழுங்கா வந்ததும் என்னோட எட்டாயிரம் ரூபாய்த் துண்டை அவன்கிட்ட வெட்டக் கொடுக்கிறதா வாக்குக் கொடுத்திருக்கேன். ஆர்டி உடையல, அடுத்த தவணை 5-ஆம் தேதி.